பிழைத்த குழந்தைகளின் கணக்கு

செவிலி என்றால் இன்று மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பெண் என்றே பலரும் பொருள் கொள்வர். பழந்தமிழ் அகப்பாடல்களிலோ அவள் தலைவியை வளர்த்தவள். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். பிறர் பெற்ற பிள்ளையை ஏற்று வளர்த்துத் தரும் வழக்கம் எல்லா நாடுகளிலும் தொன்றுதொட்டு இருந்து வந்திருக்கிறது. ஆனால் அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளுள் எத்தனை பிழைத்தன, எந்த நிலையத்தின் பொறுப்பில் மிகுதியாகப் பிழைத்தன என்று எண்ணி ஒப்பு நோக்கும் வழக்கம் மிகவும் பிற்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் அக்கணக்கு எழுந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

தாமஸ் கோரம் என்பவர் முதுமை எய்திய ஒரு கப்பல் தலைவர். இலண்டன் வீதியோரங்களில் சிசுக்கள் எறியப்பட்டுக் கிடப்பதைக் காணப் பொறாது, பதினேழு ஆண்டுகள் பெரிய மனிதர்களின் வாயில்தோறும் நடந்து, 1739ஆம் ஆண்டில் அரசரின் சாசனம் பெற்றார். 1741 மார்ச் 25ஆம் நாள், கைவிடப்பட்ட சிசுக்களுக்கான இல்லம் திறக்கப்பட்டது. சேர்க்கப்பட்ட குழந்தைகளை இலண்டனிலேயே வைத்திராமல், கிராமங்களிலிருந்த செவிலியரிடம் அனுப்பி வளர்த்தது இவ்வில்லத்தின் சிறப்பாகும். ஒவ்வொரு பகுதியிலும் ஊர்ப் பெரியோர் ஒருவர் ஊதியமின்றி மேற்பார்வை செய்தார். பெண்மணிகள் சிலரும் இப்பணியை ஏற்றனர். செவிலிக்கு வாரக்கூலி உண்டு. குழந்தை ஓராண்டு பிழைத்திருந்தால் 10 ஷில்லிங் பரிசளிக்கும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது.

முதல் பதினைந்து ஆண்டுகளில் இல்லம் ஏற்ற குழந்தைகள் 1,384. அவர்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் இறந்தனர். இக்காலத்தவராகிய நாம் இதைக் கேட்டுத் திடுக்கிடுவது இயல்பே. ஆயினும் அந்நாளைய இலண்டனில் அடக்கம் செய்யப்பட்டோருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளே என்பதையும் உடன்வைத்து எண்ண வேண்டும்.

1756இல் பாராளுமன்றம் பணம் உதவ முன்வந்தது; கொண்டுவரப்படும் சிசு எதனையும் மறுக்கலாகாது என்பது நிபந்தனை. ஜூன் 2ஆம் நாள் கதவு திறந்ததும், அன்று ஒரு நாளிலேயே 117 சிசுக்கள் வந்து சேர்ந்தன. 1760 மார்ச் மாதத்தில் இவ்வேற்பாடு நிறுத்தப்படுவதற்குள் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் ஏற்கப்பட்டனர். தொழில் பழக அனுப்பும் வயது வரை உயிரோடிருந்தவர்கள் சுமார் 4,400 பேரே.

இல்லத்தைக் குறைகூறியவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். அதே இல்லம், அதே வகைச் செவிலியர், அதே விதிகள். பலன் மட்டும் ஏன் இத்துணை கெட்டது? பெருங்கூட்டத்துக்குத் தக்க செவிலியர் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். வந்த குழந்தைகளே வேறு என்பது மற்றொன்று. நெடுந்தூரத்திலிருந்து கூடைகளில் சுமந்து கொணரப்பட்டவையும், சாகும் தறுவாயிலிருந்தவையும் அங்கே வந்து குவிந்தன. தம் பொறுப்பிலிருந்த ஏழைச் சிசுக்களை இல்லத்தின் வாயிலில் தள்ளிவிட்ட வட்டார அதிகாரிகளும் உண்டு. அவ்வாறு தள்ளப்பட்ட சிசு இறந்தபோது அச்சாவு இல்லத்தின் கணக்கில் ஏறியது. தள்ளிவிட்ட வட்டாரத்தின் கணக்கோ தூய்மையாக நின்றது!

இவ்வட்டாரங்கள் யாவை என்று கூறிவிடுவோம். அக்காலத்து இங்கிலாந்தில் ஏழைகளைக் காக்கும் கடமை, பாரிஷ் எனப்பட்ட மாதாகோயில் வட்டாரங்களைச் சார்ந்திருந்தது. ஒவ்வொரு வட்டாரமும் வரி தண்டி, ஏழையர் விடுதி நடத்தி, ஆதரவற்ற சிசுக்களைக் கூலிச் செவிலியரிடம் விட்டது. மணமாகாத பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்காகத் தந்தையிடமிருந்து ஒரே தடவையில் மொத்தத் தொகை வாங்கிக் கொள்வதும் உண்டு. குழந்தை விரைவில் இறந்தால் பணம் மிச்சம். அந்த மிச்சத்தில் அதிகாரிகள் விருந்துண்டனர் என்ற குற்றச்சாட்டு நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்திருந்தது.

இவ்விருளில் விளக்கேற்றியவர் ஜோனஸ் ஹான்வே. 1712இல் பிறந்த இவ்வணிகர் ருஷ்யாவிலும் பாரசீகத்திலும் வாணிகம் செய்து திரும்பியவர்; இலண்டன் தெருக்களில் ஆடவர் குடைபிடித்து நடக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் என்று ஏளனத்தோடு பேசப்பட்டவர். தேநீர் அருந்துவதைக் கண்டித்து நூல் எழுதியவரும் இவரே. அவ்வொன்றில் மட்டும் நம்மவர் இவருடன் உடன்படுவது அரிது. கோரம் தொடங்கிய இல்லத்தின் ஆளுநர்களுள் ஒருவராக இருந்த ஹான்வே, வட்டார விடுதிகளுக்கு நேரில் சென்று, எத்தனை சிசுக்கள் வந்தன, எத்தனை எஞ்சின என்று வினவலானார். பல இடங்களில் ஒழுங்கான ஏடே இல்லை. ஏடில்லாத இடத்தில் ஒப்பீடு ஏது? அவருடைய முயற்சியால் 1762இல் ஒரு சட்டம் பிறந்தது. இலண்டன் வட்டாரங்கள் தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு சிசுவையும் பதிவேட்டில் எழுதி, ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டுமென அது விதித்தது.

ஏடு வந்ததும் உண்மை வெளிப்பட்டது. 1765ஆம் ஆண்டில் புனித கிளெமென்ட் டேன்ஸ் வட்டாரத்தில் ஒரே செவிலியிடம் விடப்பட்ட 23 குழந்தைகளுள் 18 இறந்தன, 2 விடுவிக்கப்பட்டன, எஞ்சியவை 3.

இங்கே ‘விடுவிக்கப்பட்டன’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். அலுவலகக் கோப்புகளை மொழிபெயர்த்தே காலங்கழிக்கும் நம்மனோர்க்கு இத்தகைய சொற்களிடம் ஓர் ஐயம் எப்போதும் உண்டு. எங்கே விடுவிக்கப்பட்டன? யாரிடம்? உணவுக்கு வழியற்ற தாயிடம் திருப்பித் தரப்பட்ட சிசு மறுவாரமே இறந்தாலும் அது வட்டாரத்தின் சாவுக் கணக்கில் சேராது. பிழைத்தோர், இறந்தோர் என்னும் இரு கட்டங்களுக்கு நடுவே இந்த மூன்றாவது கட்டம் அகலமாக இருக்குமாயின், எந்த விடுதியும் நல்ல விடுதியாகத் தோன்றக்கூடும்.

1767இல் பாராளுமன்றக் குழு மேற்கொண்ட முறை இதனினும் நுட்பமானது. ஆண்டிறுதியில் விடுதியில் இருந்த தலைகளை எண்ணுவதோடு அது நிற்கவில்லை. 1763இல் விடுதிகளில் பிறந்தோ, ஒரு வயதுக்குள் ஏற்கப்பட்டோ வந்த சிசுக்களைத் தனியே எடுத்து, அதே சிசுக்களை 1764, 1765 ஆகிய ஆண்டுகளின் ஏடுகளிலும் தேடிச் சென்றது. நூற்றுக்கு ஏழு பேரே பிழைத்திருந்ததாகத் தெரிந்தது. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால், இறந்தவர் இடத்தில் புதியவர் வந்து நிரம்ப, விடுதி எந்நாளும் நிறைந்தே காட்சியளித்திருக்கும்.

அவ்வாண்டே புதிய சட்டம் வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட வட்டாரக் குழந்தைகளை நகரத்திலிருந்து குறைந்தது 3 மைலுக்கு அப்பாலும், இரண்டு வயது நிரம்பாதோரை 5 மைலுக்கு அப்பாலும் செவிலியரிடம் அனுப்ப வேண்டும். வாரக்கூலி இரண்டரை ஷில்லிங்குக்குக் குறையலாகாது. சிசுவை ஓராண்டு காத்தவளுக்கு 10 ஷில்லிங் பரிசு. வாரந்தோறும் கூலி என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மொத்தத் தொகை வாங்கிய அதிகாரிக்குக் குழந்தையின் சாவு ஆதாயம். வாரக்கூலி பெறும் செவிலிக்கோ குழந்தையின் உயிரே ஆதாயம். பெருஞ்சாவு விளைந்த இல்லமென்று தூற்றப்பட்ட கோரத்தின் இல்லத்து வழிமுறையையே சட்டம் வட்டாரங்களுக்கும் விதித்தது என்பது வியப்புக்குரியது. கிராமத்துச் செவிலியின் வீட்டை அடைந்த சிசு பிழைக்கும் வாய்ப்பு நகர விடுதியில் கிடந்த சிசுவினதைவிட மிகுதி என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது.

உயிர் பிழைத்தல் அரிதாயிருந்த காலத்தில் அதுவே பலனாக எண்ணப்பட்டது. சாவு குறைந்த பின்னர் வேறு கேள்விகள் எழுந்தன. நியூயார்க்கில் ஒரு தர்மச் சங்கம் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்த 910 குழந்தைகள் என்ன ஆயினர் என்பதை ஆராய்ந்து, சோஃபி வான் செண்டன் தீஸ் என்னும் பெண்மணி 1924இல் ஒரு நூல் வெளியிட்டார். வயதுவந்தோருள் முக்காற்பங்கினர் தம்மைத் தாமே பேணி நல்வாழ்வு வாழ்வதாக அவர் கண்டார். அமெரிக்க மத்திய அரசாங்கம் 2001 முதல் மாநிலந்தோறும் வளர்ப்புக் காப்பின் பலனைச் சோதித்து வருகிறது. 2015 முதல், பொறுப்பிலுள்ள குழந்தைகளின் வயதையும், எவ்வளவு குழந்தைகள் காப்புக்குள் கொணரப்படுகின்றனர் என்பதையும் கணக்கிற்கொண்டு எண்களைத் திருத்திய பின்னரே மாநிலங்களை அளவிடுகின்றனர். 1760இல் இல்லத்தைப் பழித்தவர்கள் கேட்கத் தவறிய கேள்வியும் இத்தகையதே.

இல்லத்து ஏடுகளைப் புரட்டுவோர்க்கு மற்றொரு செய்தியும் புலப்படும். ஒவ்வொரு சிசுவின் கழுத்திலும் எண் பொறித்த ஈயத்தகடு ஒன்று கட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணைக் கொண்டே அதன் வரலாற்றைத் தொடர்ந்து எழுதினர். ஐந்தாறு வயதில் குழந்தை கிராமத்திலிருந்து இலண்டனுக்குத் திருப்பி அழைக்கப்படும். கணக்கின்படி அது வெற்றி, குழந்தை பிழைத்துவிட்டது. குழந்தைக்கோ, தாயென அறிந்த ஒருத்தியை இழக்கும் நாள் அது. பிரிய மனமில்லாத வளர்ப்புக் குடும்பத்தார் சிலர், குழந்தையைத் தொழில் பழகுபவனாகவேனும் தம்மிடமே விட்டுவைக்குமாறு இல்லத்தாரிடம் வேண்டினர். சிலருக்கு அவ்வனுமதி கிடைத்தது.