ஊனும் உப்பும்

இறைச்சி எத்தனை நாள் இருக்கும்? இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பை நாம் இன்று ஒரு சிறு தாள்துண்டின்மேல் ஏற்றிவிட்டிருக்கிறோம். பொட்டலத்தின் மூலையில் ஒரு தேதி அச்சிடப்பட்டிருக்கிறது. அத்தேதிக்கு முன்னென்றால் அடுப்பில் ஏற்றுகிறோம். பின்னென்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். மோந்து பார்ப்பவர் சிலர். 'நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பவர் சிலர். இந்தத் தயக்கம் புதிதன்று, நேயர்களே, தேதிதான் புதிது. தேதி அச்சிடாத காலத்தில், பனிக்கட்டியைக் கண்ணாலும் கண்டிராத ஒரு சீமையில், மக்கள் இதனை எவ்வாறு தீர்மானித்தார்கள், அந்தத் தீர்மானத்தில் அரசாங்கம் எப்படி வந்து புகுந்தது என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன். அச்சீமை புதுக்கோட்டை.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14-ஆம் நாள் பிறந்தது. ஆனால் அதன் நடுவே கிடப்பது பழைய தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச்சு மாதத்தில் சென்னை மாகாணத்துடன் இணையும்வரை அது தனியரசாக இருந்தது. கடற்கரை ஒரு முழமேனும் அதற்குக் கிடையாது. இன்று இம்மாவட்டத்துக்கு உரியனவாகிய மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய மீன்துறைகள் அன்று ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. உள்நாட்டிலோ செம்மண்ணும் சரளைக்கல்லும் வானம் பார்த்த கண்மாய்களும். ஆடு வளர்ப்பதற்கு ஏற்ற மேய்ச்சல் நிலம். ஆடு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், நடுவிலே சுடுவெயில். வெட்டிய ஊன் காலையில் இருந்தபடி மாலையில் இராத நாடு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு நான் சொல்லப் போவது எளிதில் விளங்கும்.

ஊனை உலர்த்தி வைத்தல் தமிழர்க்கு மிகப் பழைய வழக்கம். 'வாடூன்' என்ற சொல் பெரும்பாணாற்றுப்படையிலேயே வருகிறது. வாடிய ஊன், அதாவது வற்றலிறைச்சி. அதன் வழித்தோன்றலே இன்று நாம் உப்புக்கண்டம் என்று சொல்வது. கோயிற்கிடா வெட்டிய வீட்டிலும் கல்யாண வீட்டிலும் மிகுந்த கறியை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, நூலிலே கோத்து வெயிலில் தொங்கவிடுவார்கள். இரவில் உள்ளே எடுத்துவைத்து, காலையில் மறுபடியும் வெளியே கட்டுவார்கள். கையில் எடுத்தால் சுள்ளிபோல விறைத்து நிற்கும் பதம் வந்தபின்னரே அது பானைக்குள் போகும்.

இச்செயலின் நுட்பத்தை இன்றைய அறிவியலால் ஒருவாறு விளக்கலாம். ஊனைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள். அவை வாழ நீர் வேண்டும். உப்பு அந்த நீரை வெளியே இழுக்கிறது. எஞ்சிய நீரையும் நுண்ணுயிருக்குப் பயன்படாதவாறு தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. வெயிலும் காற்றும் மிகுதியை முடிக்கின்றன. கீற்று மெல்லியதாக இருக்கவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. தடித்த துண்டத்தில் உப்பு நடுவரை சென்று சேர்வதற்குமுன் உள்ளே கெடுதல் தொடங்கிவிடும். எங்கள் பக்கத்து முதிய பெண்களிடம் நான் இதைக் கேட்டதுண்டு. நீர், நுண்ணுயிர் என்றெல்லாம் அவர்கள் பேசவில்லை. 'மொத்தமாகப் போட்டால் உள்ளே நாறும்' என்றார்கள். வேதியியல் நூல் கூறுவதும் அதுவே.

இன்னொரு வழக்கமும் உண்டு. சில ஊர்க் கோயில்களில் பலியிட்ட கிடாயின் கறியை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. அவ்விடத்திலேயே சமைத்து, அன்றைக்கே உண்டு தீர்த்துவிட வேண்டும். இதற்குச் சமயக் காரணமே கூறப்படுகிறது. சுகாதார விதியாக இதனை யாரோ வகுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உண்டாகும் பயன் ஒன்றே. நேற்றைய கறியா இன்றைய கறியா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

ஆக, வழி இரண்டு: அன்றே தின்று தீர்ப்பது, அல்லது உப்பிட்டு உலர்த்துவது. பனிக்கட்டி என்னும் மூன்றாம் வழி இந்நாட்டில் மிகச் சிலர்க்கே வாய்த்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கு வந்து, கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ்ஹவுஸில் வைத்து விற்கப்பட்டது. அது நகரத்துத் துரைமார்களுக்காக வந்த சரக்கு. புதுக்கோட்டைக் குடியானவனுக்கு உப்பே பனிக்கட்டி.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் வரலாறு சூடு பிடிக்கிறது. கடலில்லாத சமஸ்தானத்தில் உவர்நிலம் இருந்தது. உவர்மண்ணை வாரி, நீரில் கரைத்து, வடித்து, அந்த வடிநீரைக் காய்ச்சினால் மண்ணுப்பு கிடைக்கும். இதனைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள் உப்பிலியர் எனப்பட்டனர். மண்ணுப்பு கடலுப்பைப்போல வெண்மையானதன்று, சற்றுக் கசக்கும். ஆனால் மலிவு. கைக்கெட்டும் தொலைவில் கிடைப்பது.

ஆங்கில சர்க்காருக்கோ உப்பு பெரிய வருவாய். 1882-ல் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோவுக்கு, வரி இரண்டு ரூபாய். 1888-ல் அது இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. சுற்றிலும் தங்கள் ஜில்லாக்களில் வரியுப்பு விற்கும்போது நடுவே ஒரு சமஸ்தானத்தில் வரியில்லா மண்ணுப்பு காய்ச்சப்படுவதை அவர்கள் பொறுப்பார்களா? 1887-ல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அப்போது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறு பிள்ளை. திவான் ரீஜண்டாக இருந்து ஆட்சியை நடத்தியவர் சேஷையா சாஸ்திரி. சமஸ்தானத்தில் மண்ணுப்புக் காய்ச்சுவது நிறுத்தப்பட்டது. ஈடாக ஆங்கில சர்க்கார் ஆண்டுதோறும் 38,000 ரூபாய் சமஸ்தானத்துக்குக் கொடுத்துவர இசைந்தது. சேஷையா சாஸ்திரி திறமை மிக்க நிருவாகி. நகரின் நேரிய வீதிகள் இன்றும் அவர் பெயரைச் சொல்லும். ஆயினும் இந்த ஏற்பாட்டில் பணம் கருவூலத்துக்குச் சென்றது, தொழிலை இழந்தவன் உப்புக் காய்ச்சியவன், விலை கொடுத்தவன் உப்புக்கண்டம் போட்டவன் என்பதை வரலாறு படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

உப்பு விலையேறினால் என்ன நேரும்? ஊறுகாயில் உப்புக் குறைந்தால் பூசணம் பூக்கும், கண்ணுக்குத் தெரியும், எறிந்துவிடலாம். ஊனிலும் மீனிலும் உப்புக் குறைந்தால் வருவது கண்ணுக்குத் தெரிந்து வருவதன்று. சென்னை மாகாணக் கடற்கரையில் இதுவே பெருந்தொல்லையாயிற்று. வரியுப்பு வாங்க இயலாத மீனவர் உவர்மண்ணைத் தடவி மீனை உலர்த்தினர். அம்மீன் அரைகுறையாகப் பதமாகி, அழுகல் வாடையோடு சந்தைக்கு வந்தது. மீனியலில் பேர் பெற்ற பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இதனை 1870-களிலேயே எடுத்துக்காட்டி, மீனுக்கு உப்பு மலிவாகக் கிடைக்க வேண்டுமென வாதாடினார். சர்க்கார் கடற்கரையெங்கும் வேலியிட்ட மீன் உலர்த்தும் களங்களை அமைத்து, அவற்றினுள்ளே மட்டும் வரியில்லாத உப்பை வழங்கத் தொடங்கியது. மீனுக்கு இந்தச் சலுகை கிடைத்தது. ஆட்டுக்கறியை உப்பிடும் உள்நாட்டு வீட்டுக்கு எவரும் களம் அமைக்கவில்லை. உப்பு வரி முழுவதும் நீங்கியது 1947-ல்தான்.

வியப்பு என்னவெனில், கெட்ட ஊன் ஏன் கொல்கிறது என்பதை ஐரோப்பா கண்டுபிடித்ததும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். அதுவரை அழுகலே நஞ்சு என்பது படித்தவர் கொள்கை. அழுகும் ஊனில் பிறக்கும் நஞ்சுக்கு 'டோமெயின்' என்று பெயரும் இட்டிருந்தனர். 1888-ல் ஜெர்மனியின் பிராங்கன்ஹவுசன் என்னும் ஊரில் நோயுற்ற பசு ஒன்று அறுக்கப்பட்டது. அதன் இறைச்சியைத் தின்ற 58 பேர் நோயுற்றனர்; ஒருவர் இறந்தார். கேர்ட்னர் என்ற அறிஞர் அந்த இறைச்சியிலிருந்தும் இறந்தவர் உடலிலிருந்தும் ஒரே நுண்ணுயிரைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நாம் இன்று சால்மொனெல்லா என்று கூறும் இனம் அது. ஊனில் நோயைப் பரப்பியது அழுகல் அன்று, அந்தக் கிருமி.

ஏழாண்டு கழித்து, 1895 டிசம்பரில், பெல்ஜியத்தின் எல்லெஸெல் கிராமத்தில் சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த வாத்தியக் குழுவினர் 34 பேர் உப்பிட்ட பன்றித்தொடையை உண்டனர். மூவர் மாண்டனர். வான் எர்மெங்கம் ஆராய்ந்து, காற்றுப் புகாத இடத்தில் வளரும் மற்றொரு நுண்ணுயிரை அதிற் கண்டார். உப்பிட்ட ஊன்தான்; ஆனால் உப்பு உள்ளே போதிய அளவு சேரவில்லை. தடித்த துண்டம் உள்ளே நாறும் என்று நம் பெண்கள் அஞ்சினரே, அந்த அச்சம் பொருளற்றதன்று.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் நான் விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. நம் மூக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இவை காட்டுகின்றன. வாடையையும் கொழகொழப்பையும் உண்டாக்குபவை ஒருவகை நுண்ணுயிர்கள். நோய் தருபவை பெரும்பாலும் வேறு. எனவே நாறும் கறியை எறிவது முற்றிலும் சரி. நாறாத கறி நல்ல கறி என்பது மட்டும் சரியன்று. மூக்கு குற்றம் சாட்டலாம். விடுதலை செய்ய அதற்கு அதிகாரம் இல்லை.

கொதிக்க வைத்தால் தீருமா? சால்மொனெல்லா சூட்டில் மடியும். கறியின் நடுப்பகுதி 75 பாகை செல்சியஸை எட்டினால் போதும். எல்லெஸெல் நஞ்சும் நன்றாகக் கொதித்தால் சிதையும். ஆனால் மனிதர் கையிலும் மூக்கிலும் வாழும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி, வெளியில் கிடந்த உணவில் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. கிருமி செத்தபின்னும் அந்நஞ்சு கொதியைத் தாங்கி நிற்கும். சூரை, அயிலை போன்ற மீன்கள் பிடித்தபின் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகும்; அதை வறுத்தாலும் போகாது, உப்பிட்டாலும் போகாது. உண்டவர்க்கு முகம் சிவந்து தலைவலி காணும். இதனால்தான் கெடத் தொடங்கிய மீனைக் கருவாடாக்கி மீட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. உப்பு கேட்டினை அந்த நிலையில் நிறுத்தும், பின்னோக்கித் திருப்பாது.

கோட்டைப்பட்டினம் பக்கத்தில் கருவாடு விற்கும் ஓர் அம்மையாரிடம் நல்ல சரக்கை எப்படித் தேர்வீர்கள் என்று கேட்டேன். 'காய்ந்ததைப் பார்க்காதீங்க ஐயா, காயப்போட்ட அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க' என்றார். பிறகு ஒன்றை வளைத்து முறித்துக் காட்டினார். ஈரம் நின்ற கருவாடு முறியாமல் துவளும். மேலே இளஞ்சிவப்புத் திட்டுப் படர்ந்ததை ஒதுக்கி வைத்தார். அச்சிவப்பு, உப்பிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர்களின் நிறம்; ஈரக்காற்றில் சரக்குக் கெடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம்.

பொட்டலத்துத் தேதியும் அந்த அம்மையார் கேட்கச் சொன்ன கேள்விக்கு விடையே: என்று, எப்படிப் பதமாக்கப்பட்டது என்பது. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2020-ல் வந்த விதிகளின்படி, பொட்டலத்தில் தயாரித்த அல்லது பொதிந்த நாளும் பயன்படுத்த வேண்டிய இறுதி நாளும் கட்டாயம் இருக்க வேண்டும். 'இந்நாளுக்குள் சிறந்தது' என்பது சுவையையும் மணத்தையும் பற்றிய வேறு குறிப்பு. பிஸ்கோத்தில் அது கடந்தால் மொறுமொறுப்புத்தான் போகும். இறைச்சியின் இறுதி நாள் அப்படிப்பட்டதன்று; அது கடந்த கறியைச் சமைக்கக் கூடாது. அன்றியும், கறி முழு நேரமும் 5 பாகைக்குக் கீழே குளிரில் இருந்தது என்று கொண்டே அந்நாள் குறிக்கப்படுகிறது. சித்திரை மாதத்தில் ஒரு பகல் முழுதும் மின்சாரம் நின்ற வீட்டில் தாள் சொல்லும் நாளை நம்பிப் பயனில்லை. அங்கே நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது.

சந்தையிலே தொங்கும் ஆட்டுக்கறிக்கோ தேதியே இல்லை. புதுக்கோட்டை வட்டாரத்தில் பலர் அதனை இன்றும் விடியற்காலையில் போய் வாங்குகிறார்கள், உச்சிப்பொழுதுக்குள் குழம்பாக்கிவிடுகிறார்கள். மிகுந்ததற்கு உப்பு இருக்கிறது. அதற்கு இன்று வரி இல்லை.