கடலுக்கு அடியில் உதைத்த கணக்கு

மக்களே, இந்த முறை கொஞ்சம் ஆழமா போகலாம். நிஜமாவே ஆழமா :-)

கடலுக்கு அடியில வண்டல், அதுக்கும் கீழே பாறை. அந்தப் பாறைக்குள்ளேயும் தண்ணி ஓடுது. இதை முதலில் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு கணக்கு உதைத்தது, அதை வைத்துத்தான் பிடித்தார்கள்.

1950களில் கடலடி வண்டலில் நீளமான ஊசி மாதிரி ஒரு கருவியைக் குத்தி, பூமிக்குள்ளிருந்து எவ்வளவு சூடு வெளியே வருகிறது என்று அளக்க ஆரம்பித்தார்கள். நடுக்கடல் மலைத்தொடர்களில்தான் புதுப் பாறை உருவாகிறது என்பது 1960களில் தெளிவானது. புதுப் பாறைன்னா சூடு நிறைய வரணும் இல்லையா? அளந்தால் ரொம்பக் குறைவு. அதுவும் ஒரு இடத்தில் எகிறும், சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் படுத்துவிடும்.

கிளைவ் லிஸ்டர் 1972-ல் சொன்ன விளக்கம் இது: கடல்நீர் பாறை விரிசல்களில் இறங்கி, சூட்டை வாரிக்கொண்டு வேறு வழியாக வெளியேறுகிறது. ஊசி குத்த வண்டல் வேணும். தண்ணி வெளியேறுவதோ வெறும் பாறை வழியா. அப்புறம் எப்படி கருவியில மாட்டும்? ('மெஷின் கோளாறு'ன்னு எழுதி டிக்கெட்டை மூடாம விட்டாரே, அதுக்கே ஒரு சல்யூட்.)

1977 பிப்ரவரியில் கலாபகஸ் அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் வெதுவெதுப்பான ஊற்றைப் பார்த்தார்கள். சுற்றிலும் சிப்பிகள், நண்டுகள். கப்பலில் உயிரியல் ஆள் ஒருத்தர்கூட இல்லை! சில மாதிரிகளை வோட்காவில் போட்டுத்தான் பாதுகாத்தார்கள்.

வழக்கமா கதை இங்கேயே முடிஞ்சிடும். எனக்கு இதுக்கு அப்புறம்தான் சுவாரசியம். மலைத்தொடரை விட்டு விலகிய, பல லட்சம் வருடம் வயதான பாறையிலும் சூட்டுக் கணக்கு இடித்தது. அங்கே பாறைக்கு மேல் பலநூறு மீட்டர் வண்டல், தண்ணியை லேசில் விடாத மூடி மாதிரி. அப்ப நுழைவாசல் எங்கே?

ஆண்ட்ரூ ஃபிஷர் குழு 2003-ல் பதில் சொன்னது. வாஷிங்டன் மாகாணக் கரைக்கு மேற்கே, வண்டலுக்கு மேல் தலைநீட்டும் இரண்டு கடலடிக் குன்றுகள். கிரிஸ்லி பேர் பக்கத்தில் பாறை எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்து கிடக்கிறது: அதுதான் நுழைவாசல். சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி பேபி பேர். அங்கே வெதுவெதுப்பான நீர் கசிகிறது: அது வெளிவாசல். நடுவில் முழுக்கப் பாறைக்குள் பயணம்! தள்ள மோட்டார் எதுவும் இல்லை. ஒரு பக்கம் இறங்கும் நீர் குளிர்ந்து கனமானது, மறுபக்கம் ஏறும் நீர் சூடாகி லேசானது. அந்த எடை வித்தியாசம் மட்டும்தான்.

வேகம் குறைவுதான். ஆனா உலகம் முழுக்க இப்படி ஓடுறதைக் கூட்டினா, மொத்தக் கடலும் சில லட்சம் வருஷத்துக்கு ஒரு தடவை பாறைக்குள்ள போய் வந்துடுதாம்.