தோட்டத் தொழிலாளியும் பாதரட்சையும்

தலைக்கு அணியும் முடியைப் பற்றி நம் புலவர்கள் பாடியது ஏராளம். காலுக்கு அணியும் செருப்பைப் பற்றி எழுதியவர் சிலரே. ஆயினும் ஒரு சமூகம் பட்ட பாட்டை அதன் உள்ளங்காலில் படிக்கலாம் என்பது நமது கருத்து.

கோலசிலாங்கூர் வட்டாரத்துப் புக்கிட் ரோத்தானையும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களையும் எடுத்துக் கொள்வோம். 1917இல் மலாயாவில் முதன்முதலாகச் செம்பனை வியாபார முறையில் பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. அதன் பெயரே தமிழ். அக்காலத்துத் தொழிலாளர் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஈர மண்ணை வெறுங்காலால் மிதித்து, வெயில் ஏறுமுன் பால் மரம் வெட்டினர். அவர்கள் சேர்த்த பால் உலகத்தாரின் சப்பாத்துக்கு அடிப்பாகமாயிற்று. சேர்த்தவரின் காலோ வெறுங்காலாகவே இருந்தது!

இதற்கு வறுமை ஒரு காரணம். மற்றொரு காரணம் தாய்நாட்டிலிருந்து கூடவே வந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் சாதி இந்துக்கள் சிலர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. கடல் கடந்தும் இம்மனப்பான்மை ஒழிந்ததா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கூட, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்க நேர்ந்ததே! உயர்ந்தோர் முன் கால் தரையில் இருக்க வேண்டுமென்பதே இரண்டிற்கும் அடிப்படை.

இவ்வழக்கத்தின் விலையை உடம்பு செலுத்திற்று. கொக்கிப்புழு வாய் வழியாக மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் உட்புகும் என்பதைக் கெய்ரோ நகரில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ் 1898இல் வெளியிட்டார். மலம் கலந்த ஈர மண்ணில் வளரும் இப்புழு, வெறுங்கால் வழியே ஏறிக் குடலையடைந்து இரத்தத்தை உறிஞ்சும். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் நிறுவனத்தின் மருத்துவக் குழு இந்நோயை மலாயாவிலும் ஆராய்ந்தது. சோகை பிடித்துச் சோர்ந்தவனைச் சோம்பேறி என்று ஏசியவர்கள், அவன் காலைப் பார்த்திருந்தால் உண்மையை உணர்ந்திருப்பர்.

நிற்க. இன்று செருப்பணியாதே என்று சொல்லத் துணிபவர் இங்கு இல்லை. ரப்பர் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தை விட்ட பலர் ஆலைகளின் சிமெண்டுத் தரையில் நாள் முழுதும் நிற்கின்றனர். ஆயினும் நம்மவர் தட்டையான மெல்லிய சிலிப்பரே போதுமென்பர். விசேஷங்களுக்கோ விரலை நெருக்கும் கூர்முனைச் சப்பாத்தைத் தேடுவர். பிறகு காலையில் முதலடி வைத்ததும் குதிகால் குத்துகிறதென்று தைலம் தேய்ப்பர்.

பாதரட்சையை மாலையில் வாங்க வேண்டும். பகல் நடையால் கால் சற்றுப் பருத்திருக்கும். இரு பாதமும் ஒரே அளவல்ல. பெரிய காலுக்கே அளவு பார்க்க வேண்டும். எழுந்து நின்றால் நீண்ட விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகாலை அணைக்கும் பாகம் அழுத்தினால் நசுங்கலாகாது. விரல் மடங்கும் இடத்தில் வளைவதே நல்லது. நடுவில் மடிவது பாதத்தைத் தாங்காது. செம்பனை முள்ளிடையே வேலை செய்வோருக்கு உயர்ந்த பூட்ஸ் அவசியம்.

நீரிழிவு உள்ளோர் இதில் அசட்டையாயிருத்தல் ஆகாது. மலேசியாவில் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு அந்நோய் உண்டென்றும், இந்தியரிடையே அது மிகுதியென்றும் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறுகிறது. உணர்ச்சி மரத்த காலில் செருப்புக் கடித்த புண்ணே காலை இழக்கச் செய்யும்.

பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கிவிட்டு, தனக்குத் தேய்ந்த சிலிப்பரே போதுமென்னும் தாய்மார் நம்மிடையே பலர். அதைத் தியாகமென்று புகழ நமக்கு மனமில்லை. மூன்று தலைமுறையாக அவர் குடும்பம் வெறுங்காலால் நடந்தது போதும். அடுத்த சம்பளத்தில் முதலில் அவர் காலுக்கு அளவெடுங்கள்.