கால் வலி, கருவாடு, சாத்தின கதவு: ஓய்மாநாட்டுல ஒரு ரோடு ட்ரிப்

ஒரு ஜோடி ரோடு ட்ரிப் கிளம்பினா என்னென்ன நடக்கும்? கால் வலிக்கும். நிழல் கிடைக்காது. வழி தப்பும். எங்கேயோ யாரோ போட்ட சாப்பாடு மட்டும் வருஷக்கணக்கா நாக்குல நிக்கும். இதையெல்லாம் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க, அதுவும் விழுப்புரம் பக்கத்துல நடந்த பயணத்தைப் பத்தி.

முதல்ல மேப்பைத் திறங்க. விழுப்புரத்துல இருந்து திருவண்ணாமலை போற ரோட்ல கெடார்னு ஒரு ஊர் இருக்கு. அங்கிருந்து பார்த்தா வடகிழக்குல திண்டிவனம், வடமேற்குல செங்கம். பத்துப்பாட்டுல ரெண்டு பாட்டு இந்த ரெண்டு திசைக்கும் வழி சொல்லுது. சிறுபாணாற்றுப்படை திண்டிவனத்துக்கு, மலைபடுகடாம் செங்கத்துக்கு. உ.வே.சாமிநாதையர் 1889-ல பத்துப்பாட்டைப் பதிப்பிச்சாரு. அதனாலதான் இதெல்லாம் இன்னைக்கு நம்ம கைக்குச் சுலபமா கிடைக்குது.

ஆற்றுப்படைன்னா என்ன? ஆறுன்னா வழி. பரிசு வாங்கிட்டுத் திரும்புற ஒரு கலைஞர், எதிர்ல பசியோட வர்ற இன்னொரு கலைஞரைப் பார்க்கிறார். 'இப்படிப் போங்க, இன்ன ஊர்ல இன்ன சாப்பாடு கிடைக்கும், கடைசியில இந்தத் தலைவரைப் பாருங்க'ன்னு வழி சொல்றார். டிராவல் வ்லாக் மாதிரிதான். ஆனா சப்ஸ்கிரைபர் ஒரே ஒருத்தர், அவரும் பட்டினி.

சிறுபாணாற்றுப்படை மொத்தம் 269 அடி. எழுதினவர் நல்லூர் நத்தத்தனார். பயணம் போறது யாழ் வாசிக்கிற பாணரும், ஆடிப் பாடுற விறலியும். தனியா இல்லை, மொத்தக் கூட்டமும் கூடவே நடக்குது. சுடுமணல், பரல் கல்லு நிறைஞ்ச வழி. ஒதுங்க ஒரு கடம்ப மரம் கிடைக்குது. அதுவும் முழு நிழல் இல்லை, வரி வரியா வெயிலும் சேர்ந்து விழுது. விறலியோட பாதம் எப்படி இருக்குன்னு புலவர் சொல்றார் பாருங்க: ஓடி இளைச்ச நாய் தொங்கப் போட்ட நாக்கு மாதிரியாம். தாமரை, தளிர்னு சொல்லிப் பழகின இலக்கியத்துல, நடந்து நொந்த காலை இப்படிப் பார்த்த ஒருத்தர்! கூட வந்த பசங்க அந்தக் காலை மெதுவா பிடிச்சு விடுறாங்க. பாணர் யாழை எடுக்கிறார். இந்தப் பயணத்தோட முதல் சுகம் அதுதான்.

அடுத்து சாப்பாடு. முதல் ஸ்டாப் எயிற்பட்டினம், இன்னைக்கு மரக்காணம்னு சொல்றாங்க. கடல் அலை ஒதுக்கின வாசனைக் கட்டைங்க, ஒட்டகம் படுத்துத் தூங்குற மாதிரி கரையில கிடக்கு. அதுதான் விறகு. காஞ்ச குழல்மீன் சுட்டு, பழைய தேறலோட பரதவர் குடுக்கிறாங்க. அடுத்தது வேலூர். நம்ம கோட்டை வேலூர் இல்லை, உப்புவேலூர்னு அடையாளம் சொல்ற ஊர். அங்க வேட்டுவர் வீட்டுப் பெண்கள் சுடச்சுட புளிச்சோறும், காட்டுப் பசு இறைச்சி சுட்டதும் தர்றாங்க. அப்புறம் ஆமூர். உழவர் வீட்டுல குத்தின வெள்ளரிசிச் சோறு, நண்டுக் கறி. கவனிச்சீங்களா? இதுவரைக்கும் சோறு போட்டது ராஜா இல்லை. மீன் பிடிக்கிறவங்க, வேட்டையாடுறவங்க, ஏர் ஓட்டுறவங்க.

கடைசி ஊர் கிடங்கில். திண்டிவனம் டவுனுக்குள்ளேயே இன்னைக்கும் கிடங்கல்னு ஒரு பகுதி இருக்கு. அங்க ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடன். புதுத் துணி கொடுத்து, கூடவே நின்னு தன் கையால பரிமாறுறான். குதிரை வேகத்தையும் மிஞ்சுற காளை வண்டி, ஓட்ட ஆளு, எல்லாம் தந்து, காக்க வைக்காம அன்னைக்கே அனுப்பி வைக்கிறான். போகும்போது நடை, வரும்போது வண்டி.

செங்கம் ரூட் இன்னும் கஷ்டம். மலைபடுகடாம் எழுதின பெருங்கௌசிகனார் கிட்டத்தட்ட ஒரு கேம்பிங் கையேடே தர்றார். காட்டுப்பன்றிக்குப் பொறி வச்சிருப்பாங்க, விடிஞ்சப்புறம் நடங்க. தினைப்புனத்துல காவல் இருக்கிறவங்க எறியிற கவண் கல்லு உங்க மேல விழலாம். குழியில பாம்பு இருக்கும். இருட்டிட்டா, சொந்த வீட்டுக்குள்ள நுழையிற மாதிரி பாறைக் குகையில தங்கிக்கோங்க. எனக்குப் பிடிச்சது இது: வழி பிரியிற இடத்துல புல்லை முடிஞ்சு போட்டுட்டுப் போங்க, பின்னாடி வர்றவங்க தப்பான பாதையில போயிடாம இருக்கட்டும்.

சரி, இவங்க ஏன் கிளம்பினாங்க? சிறுபாணாற்றுப்படையில வழி சொல்றவர் தன் வீட்டுக் கதையையும் மறைக்காம சொல்றார். கரையான் அரிச்ச சுவர், அதுல முளைச்ச காளான். அடுப்பங்கரையில குட்டி போட்ட நாய். கண்ணு திறக்காத குட்டிங்க பால் குடிக்க வந்தா, மடியில பால் இல்லாம தாய் வலி தாங்காம குரைக்குது. வீட்டுப் பெண் குப்பையில முளைச்ச கீரையை நகத்தால கிள்ளி, உப்பு கூட இல்லாம வேக வைக்கிறா. அதைச் சாப்பிடுறதுக்கு முன்னாடி கதவைச் சாத்துறா, அக்கம்பக்கம் பார்த்துடக் கூடாதுன்னு.

இதே பாட்டு, நல்லியக்கோடன் வாசலைக் கலைஞர், புலவர், அந்தணர் யார் வந்தாலும் அடைக்காத வாசல்னு சொல்லுது. சாத்தின ஒரு கதவுக்கும் சாத்தாத ஒரு வாசலுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் இந்தப் பயணம். நாம சோறு இருக்கிற வீட்டை விட்டு ஜாலிக்குக் கிளம்புறோம், அவங்க சோறில்லாத வீட்டை விட்டுக் கிளம்பினாங்க. ஆனா பசியில நடந்தவங்களுக்கும் கடம்ப நிழல் சுகமாத்தான் இருந்துச்சு, சுட்ட கருவாடு ருசிச்சுது. வறுமையை எழுதின கையே இதையும் விடாம எழுதியிருக்கு.

இன்னைக்கும் வட தமிழ்நாட்டுல செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்கன்னு மூட்டை கட்டிக்கிட்டுப் போய், மாசக்கணக்கா குடிசை போட்டுத் தங்குற குடும்பங்கள் இருக்கு. அதுக்கு யாரும் கேம்பிங்னு பேர் வைக்கிறதில்லை. அடுத்த தடவை கெடார் வழியா வண்டியில போகும்போது ரோட்டோரத்துல அப்படி ஒரு குடிசையைப் பார்த்தா, அங்கேயும் சாயங்காலம் யாரோ ஒருத்தர் இன்னொருத்தர் காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டு இருப்பாங்கன்னு நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.