ஃபோகோ

அமெரிக்கக் கல்லூரி ஆடவர் லக்ராஸ் ஆட்டத்தில் வழங்கும் சொல். ‘ஃபேஸ் ஆஃப், கெட் ஆஃப்’ என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து பிறந்தது. பந்துக்குப் போட்டியிடு, உடனே வெளியேறு என்பது பொருள்.

ஒவ்வொரு கால் பகுதியின் தொடக்கத்திலும், கோல் விழுந்த பின்பும் மைதான நடுவில் பந்தைத் தரையில் வைப்பார்கள். அதன் இருபுறமும் எதிரெதிரே இருவர் குனிந்து, வலைமட்டைகளைத் தரையோடு கிடத்திக் காத்திருப்பார்கள். விசில் ஒலித்ததும் மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தை மட்டையால் அமுக்கி, தன் அணியின் பக்கம் எடுத்துவிட வேண்டும். இதற்கென்றே பயிற்சி பெற்றவர்தான் ஃபோகோ. பந்து பத்திரமானதும் அவர் எல்லைக்கோட்டுக்கு ஓட, தாக்குதலில் தேர்ந்த நடுக்கள வீரர் ஒருவர் உள்ளே வருவார்.

பத்துப் பேர் ஆடும் அணியில் நடுக்களத்தினர் மூவரே. களம் முழுவதும் ஓட வேண்டியவர்கள் என்பதால் முதல் வரிசை, இரண்டாம் வரிசை என மாற்றி மாற்றி இறக்குவார்கள். ஆகவே நடுக்கள பலத்தை எடைபோடும் ரசிகர் கோல் கணக்கோடு நிற்பதில்லை. இரண்டாம் வரிசை தாக்குப்பிடிக்குமா, நீண்ட மட்டையோடு தடுப்பவர் யார், ஃபோகோ வெல்லும் விகிதம் என்ன என்றெல்லாம் பார்ப்பார். 2015இல் டென்வர் பல்கலைக்கழகம் முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றபோது, அதன் ஃபோகோ பொறுப்பைச் சுமந்தவர் முதலாண்டு மாணவர் டிரெவர் பாப்டிஸ்ட்.

எதிரணி கோல் போட்டாலும் அடுத்த பந்தைத் தன் அணிக்கே வென்று தரக்கூடியவர் ஃபோகோ. சில நொடிகளே களத்தில் நிற்கிறார் என்று அவரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.