மூன்று காலன் தண்ணீரும் ஒரு வாஷிங் மெஷினும்

இங்கிலாந்தில் 1877-ல் கால்வாய்ப் படகுகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அதன் கீழ் வந்த விதிகளில் ஒன்று, ஆட்கள் குடியிருக்கும் படகில் 3 காலன் தண்ணீர் பிடித்து வைக்க வசதி இருக்க வேண்டும் என்பது. 3 காலன் என்றால் சுமார் 13.6 லிட்டர். நம்ம ஊர் பிளாஸ்டிக் குடம் ஒன்று, அவ்வளவுதான். இன்றைய ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின் ஒரு தடவை ஓடினாலே 40, 50 லிட்டர் குடித்துவிடும்.

ஆனால் இன்றைக்கு அதே கால்வாய்களில், கிட்டத்தட்ட அதே அளவுப் படகுகளில், வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு குடத்திலிருந்து மெஷின் வரைக்கும் எப்படி வந்தார்கள், அந்தத் துவைக்கும் செலவை நடுவில் யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால், கப்பல், போர் என்று போகும் வரலாற்றை விட இது சுவாரஸ்யமாக இருக்கிறது (எனக்கு!).

முதலில் படகைப் பற்றி. இந்தப் படகுகளுக்கு நேரோபோட் என்று பெயர். நீளம் 70 அடி வரை, அகலம் 7 அடிக்கும் கொஞ்சம் குறைவு. ஏன் இந்த விநோத அளவு? 18-ம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்ற பொறியாளர்கள், படகை மேட்டிலும் பள்ளத்திலும் ஏற்றி இறக்கும் 'லாக்' தொட்டிகளைச் செலவைக் குறைக்க 7 அடி அகலத்தில் கட்டிவிட்டார்கள். படகும் அதற்குள் அடங்கியாக வேண்டும். 25 டன் வரை நிலக்கரியோ மற்ற சரக்கோ ஏற்றலாம். பின்னால் சுமார் 10 அடி நீளத்தில் ஒரு கேபின். அதுதான் சமையலறை, படுக்கையறை, எல்லாம். அதை இன்னும் 2 அடி நீட்டியிருக்கலாமே என்று கேட்டால், அந்த 2 அடியில் ஏற்ற வேண்டிய சரக்குக்கு வாடகை போய்விடும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்' என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில் இல்லை.

ஆரம்பத்தில் பல படகுக்காரர்களுக்குக் கரையில் வீடு இருந்தது. 1830களுக்குப் பிறகு ரயில் வந்தது. சரக்குக் கட்டணம் சரிந்தது. ரயிலோடு போட்டி போட வேண்டுமென்றால் கூலியைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஆளைக் குறைக்க வேண்டும். படகுக்காரர் என்ன செய்தார்? கரையில் இருந்த வீட்டைக் காலி செய்தார், கூலியாளை நிறுத்தினார், மனைவியையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிக்கொண்டார். (ரயிலுக்கு முன்னாலேயே சில குடும்பங்கள் படகில் இருந்திருக்கின்றன. ஆனால் அது பொது வழக்கமானது இந்த நெருக்கடியில்தான்.) சம்பளம் டன் கணக்கில், பயணக் கணக்கில், படகுக்காரர் கையில் மட்டும். சுக்கான் பிடித்த மனைவிக்கும் குதிரை ஓட்டிய பிள்ளைக்கும் கம்பெனி பேரேட்டில் ஒரு வரி கூடக் கிடையாது.

இதில் துணி துவைப்பது எங்கே வருகிறது? இங்கேதான் வருகிறது. பயணக் கணக்கில் சம்பளம் என்றால், படகு நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். கரையில் இருந்த பிரிட்டிஷ் வீடுகளில் திங்கட்கிழமை என்றால் துவைக்கும் நாள். படகுப் பெண்ணுக்குக் கிழமை கிடையாது. சரக்கு ஏற்றவோ இறக்கவோ வரிசையில் காத்திருக்கும் நாள்தான் துவைக்கும் நாள். 'டாலி டப்' என்று ஒரு பெரிய தகரத் தொட்டி படகிலேயே இருக்கும். அதைக் குதிரை நடக்கும் கரைப்பாதையில் இறக்கி வைத்து, பக்கத்தில் தீ மூட்டித் தண்ணீர் காய்ச்சி ஊற்றி, நீளமான பிடியும் அடியில் முக்காலி மாதிரிக் கால்களும் உள்ள ஒரு மரக்கட்டையால் துணியைத் திருகித் திருகித் துவைக்க வேண்டும். கை வலிக்கும் வேலை. தண்ணீர் எது? கால்வாய்த் தண்ணீர். குழாயில் பிடித்த நல்ல தண்ணீர், கேபின் கூரை மேல் ரோஜாப்பூ வரைந்து வைத்திருக்கும் 'பக்பி' கேன்களில் இருக்கும், அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அழகாக இருக்கிறதே என்று இன்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் அந்தக் கேன்தான் அந்தக் குடும்பத்தின் மொத்த ஓவர்ஹெட் டேங்க்.

ஒரே தண்ணீரில் வரிசையாகத் துவைக்க வேண்டும். முதலில் வெள்ளைத் துணி, அப்புறம் வண்ணத் துணி, கடைசியில் கரி படிந்த வேலைத்துணி. காய வைக்க, சரக்கு இறக்கிக் காலியான பகுதிக்கு மேல் கயிறு கட்டுவார்கள். இத்தனைக்கும் ஏற்றுவது பெரும்பாலும் நிலக்கரி, கேபின் அடுப்பிலும் நிலக்கரி. அந்தப் புகைக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று குரோஷா லேஸ் பின்னிக் கேபின் முழுக்கத் தொங்கவிடுவது அந்தப் பெண்களின் வழக்கம். எனக்கு இது வீம்பாகத்தான் தெரிகிறது. கரையில் இருப்பவர்கள் இவர்களை 'அழுக்குப் படகுக்காரர்கள்' என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். லேஸ்தான் பதில்.

அந்த அழுக்குப் பேச்சில் ஒரு பங்கு, நல்லது செய்ய வந்தவருக்கும் உண்டு. கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் சிறுவயதில் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடிய பிறகு படகுப் பிள்ளைகளுக்காக எழுதினார். 1877 சட்டம் அவர் முயற்சியால் வந்தது, அதில் பல்லில்லை என்று 1884-ல் திருத்தினார்கள். படகுகளைப் பதிவு செய்வது, கேபினில் பெரியவருக்கு 60 கன அடி, சிறுவருக்கு 40 கன அடி காற்றிடம் என்று அளந்து வைப்பது, பிள்ளைகள் படிப்பு... எல்லாம் தேவையானதுதான். ஆனால் படகில் ஒரு வேலையாளின் கூலி மிச்சமாகிறதே, அந்த வேலையை யார் செய்கிறார்கள், அவருக்கு என்ன கிடைக்கிறது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. ரயிலுக்கு எதிராகக் கால்வாய்ப் போக்குவரத்து அதன் பிறகும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்ததில் அந்தக் கூலியில்லா உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

அப்புறம் வேகமாக முடிந்துவிட்டது. 1948-ல் கால்வாய்கள் அரசுடைமை. லாரி போட்டி. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்துபோக, மிச்சம் இருந்த சரக்கும் கைமாறியது. ஆதர்ஸ்டன் பக்கத்திலிருந்து லண்டன் சவுத்ஹாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன ஓட்டம் 1970-ல் நின்றது. நெடுந்தூர நேரோபோட் சரக்குப் போக்குவரத்து அத்தோடு சரி.

சரக்கு போனதும் சரக்கு இருந்த இடம் வீடானது! இன்று படகில் வசிப்பவர்களுக்கு 50, 60 அடி வீடு கிடைக்கிறது. மெஷின் வைக்க இடம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை தண்ணீரும் கரண்டும்.

தொட்டியில் 400 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாஷ் 50 லிட்டர் என்றால் எட்டில் ஒரு பங்கு காலி. கரண்ட் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக வருகிறது (பவர் கட் காலத்தில் நம் வீட்டுக்கு வந்த அதே சாமான்தான்). மெஷினில் டிரம் சுற்றும் மோட்டார் அதிகம் சாப்பிடாது, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர்தான் சாப்பிடும். 2000 வாட் ஹீட்டர் என்றால் 12 வோல்ட்டில் 167 ஆம்பியர். பேட்டரி அழுதுவிடும். அதனால் அனுபவசாலிகள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரிலேயே துவைப்பது ஒன்று. இன்னொன்று, படகு ஓடும்போது என்ஜின் சூட்டில் தானாகக் காயும் வெந்நீரைக் கலந்து, வெதுவெதுப்பாக மெஷினுக்கு விடுவது. ஹீட்டர் வேலை பெரும்பாலும் மிச்சம், வெந்நீர் இனாம். இதில் வேடிக்கை, மெஷின் போட ஏற்ற நேரம் படகு போய்க்கொண்டிருக்கும் நேரம். நின்றால்தான் துவைக்க முடியும் என்ற பழைய கணக்கு அப்படியே தலைகீழ். கட்டி நிறுத்திய படகில் இரவு 8 முதல் காலை 8 வரை என்ஜின் ஓட்டக் கூடாது என்பதால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கவும் முடியாது.

சிலர் இன்னும் ட்வின் டப் வைத்திருக்கிறார்கள், நம் செமி ஆட்டோமேட்டிக்தான். வெந்நீரை நாமே ஊற்றலாம், ஒரே சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று ஈடு துவைக்கலாம். முதலில் வெள்ளை, அப்புறம் வண்ணம், கடைசியில் வேலைத்துணி. டாலி டப் வரிசையே தான்! ஃபுல்லி ஆட்டோமேட்டிக் ஒவ்வொரு ஈட்டுக்கும் புதுத் தண்ணீர் கேட்கும், அதற்கு இந்தச் சிக்கனம் தெரியாது.

துவைத்த தண்ணீர் நேராகக் கால்வாய்க்கே போகிறது. கழிவறைத் தண்ணீர் விடக் கூடாது, இதற்குத் தடையில்லை. அதனால் பாஸ்பேட் குறைந்த பவுடரைக் கொஞ்சமாகப் போடச் சொல்கிறார்கள். நுரை குறைந்தால் ட்வின் டப்பில் அலசும் தண்ணீரும் குறையும்.

காய வைப்பதற்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. கயிறு கட்டிய இடம் இப்போது ஹால். குளிர்காலத்தில் இரும்புப் படகுக்குள் ஈரத்துணி தொங்கினால் ஜன்னலெல்லாம் நீர் கோத்துச் சொட்டும். கடைசியில் பலரும் துணியைக் கொண்டுபோய்த் தொங்கவிடுவது அடுப்புக்குப் பக்கத்தில்தான்.