மாதுளை மரத்தடியில் ஒரு மாணவர்



ஹிஜ்ரி 1283, முஹர்ரம் பிறை 15 (கி.பி. 1866, மே). வட இந்தியாவின் தேவ்பந்த் என்னும் சிற்றூரில், சத்தா மஸ்ஜிதின் மாதுளை மரத்தடியில் ஒரு மதரஸா தொடங்கிற்று. ஆசிரியர் முல்லா மஹ்மூத். முதல் மாணவர் மஹ்மூத் ஹசன். இருவருக்கும் பெயர் ஒன்றே.

கட்டடம் இல்லை, அரசு மானியம் இல்லை, பொதுமக்களின் நன்கொடையே ஆதாரம். ஆயினும் ஒழுங்கு இருந்தது. அதற்கு முன், ஓர் ஆலிமை நாடிச் சென்று, அவரிடம் கிதாபுகளை ஓதி வருவதே பெரும்பாலும் வழக்கம். தேவ்பந்திலோ வரையறுத்த பாடத்திட்டம், தனி வகுப்புகள், ஆண்டுத் தேர்வு என முறை வகுத்தனர். தேர்ச்சி பெற்றோருக்கு ஊரறிய ஆண்டு விழாவில் பரிசளித்தனர். நன்கொடையாளர் பெயர்களை ஆண்டறிக்கையில் அச்சிட்டனர். மாணவரின் வெற்றியில் சமுதாயத்திற்கும் பங்குண்டு என்பதை அது உணர்த்திற்று.

அந்த முதல் மாணவரே பின்னாளில் அங்கு தலைமை ஆசிரியரானார். 'ஷைகுல் ஹிந்த்' எனப் போற்றப்பட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்து மால்டாவில் சிறையிருந்து மீண்டவர், 1920 அக்டோபரில் அலிகாரில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவைத் தொடங்கி வைத்தார்.

ஷவ்வாலில் மதரஸாவும் ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கின்றன. பரிசளிப்பு மேடையில் பிள்ளைகளைப் பாராட்டுகிறோம், மகிழ்ச்சியே. ஆனால் அப்பரிசு, முதல் நாள் முதல் பாடத்திற்கு நேரம் தவறாது வந்தமர்ந்ததன் பலன். தாமதமாக அனுப்பிவிட்டு, ஆண்டிறுதியில் பரிசை எதிர்பார்ப்பது முறையன்று.

அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.